ஃபிளாஸ்க் நிரலகம் கொண்டு ரெஸ்ட் வலைச்சேவை அமைத்தல்

ஒரு கணினியில் உள்ள தகவலை வேறு கணினிகளும் கைப்பேசிச் செயலிகளும் இணையம் வழியாகக் கேட்டுப் பெறவும், அதில் மாற்றம் செய்யவும் வழி தரும் நிரலை வலைச்சேவை என்கிறோம். மனிதர் கண்ணால் பார்ப்பதற்கான பக்கத்தை வலைத்தளம் தருகிறது. இன்னொரு நிரல் படித்துப் புரிந்துகொள்வதற்கான தரவை வலைச்சேவை தருகிறது. ரயில் பயணச்சீட்டு உறுதியாகிவிட்டதா என்று காட்டும் செயலி, நாளைய மழையைச் சொல்லும் கைப்பேசித் திரை போன்றவற்றின் பின்னால் இத்தகைய சேவைகளே இயங்குகின்றன. இவற்றை வடிவமைக்கும் முறைகளுள் இன்று பரவலாகக் கையாளப்படுவது ரெஸ்ட் எனும் முறை.

பைத்தான் நிரல்மொழிக்கு எழுதப்பட்ட ஃபிளாஸ்க் என்ற சிறிய நிரலகத்தைக் கொண்டு இத்தகைய சேவையை அமைக்கும் விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு கல்லூரித் துறையின் நூலகத்தை வைத்துக்கொள்வோம். இரண்டு பீரோக்கள், சில நூறு புத்தகங்கள், யார் எதை எடுத்துச் சென்றார் என்று எழுதும் ஒரு குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டின் இடத்தில் நம் சேவை உட்காரப்போகிறது. (நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் லைப்ரரியையும் நூலகம் என்றே எழுதுவோர் உண்டு. இங்கே புத்தகம் இருக்கும் இடம் நூலகம், நிரல் இருக்கும் தொகுப்பு நிரலகம்.)

ரெஸ்ட் என்றால் என்ன?

ராய் ஃபீல்டிங் என்ற அமெரிக்கர் 2000-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார். அவர் எச்டிடிபி நெறிமுறையின் 1.1 பதிப்பை எழுதியவர்களுள் ஒருவர். உலகளாவிய வலை இவ்வளவு பெரிதாக வளர்ந்தும் உடையாமல் நிற்பதற்கு எந்தக் கட்டுப்பாடுகள் காரணம் என்பதை ஆராய்ந்து, அவற்றைத் தொகுத்து ரெஸ்ட் என்று பெயரிட்டார்.

அந்தக் கட்டுப்பாடுகளில் நமக்கு உடனே வேண்டியவை மூன்று. பெயர் சொல்லத்தக்க ஒவ்வொரு பொருளுக்கும், அதாவது ஒவ்வொரு வளத்துக்கும், தனி முகவரி இருக்க வேண்டும். அந்த வளத்தின் மீது செய்யக்கூடிய வினைகள் எல்லோருக்கும் தெரிந்த சிலவாக மட்டுமே இருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையும் தன்னைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாவற்றையும் தானே சுமந்து வர வேண்டும். "முன்பு நான் கேட்டேனே, அதன் தொடர்ச்சி" என்று வரக்கூடாது.

நான்காவதாக, ஒரு மறுமொழியில் உள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்தே அடுத்த செயலுக்குச் செல்ல வேண்டும் என்பதையும் ஃபீல்டிங் வலியுறுத்துகிறார். அதைச் செய்யாதவற்றை ரெஸ்ட் என்று அழைக்கக்கூடாது என்று 2008-இல் தம் வலைப்பதிவில் சற்றுக் கடுமையாகவே எழுதினார். அவர் அளவுகோலால் பார்த்தால் இன்று ரெஸ்ட் என்று பெயர் பெற்ற சேவைகளில் பெரும்பாலானவை தேறமாட்டா. நம் துறை நூலகச் சேவையும் முழுமையாகத் தேறாது. ஒரே கல்லூரிக்குள் ஒன்றிரண்டு செயலிகள் மட்டும் பயன்படுத்தும் சேவைக்கு அது பெரிய குறையும் அல்ல என்பது என் கருத்து. முதல் மூன்றைச் சரியாகச் செய்வதே கடினம்.

வினைச்சொற்கள்

எச்டிடிபி தரும் வினைகளில் ஐந்து போதும். "கெட்" என்றால் காட்டு. "போஸ்ட்" என்றால் இதை ஏற்றுக்கொண்டு ஆவன செய். பெரும்பாலும் புதிதாக ஒன்றைச் சேர்க்கப் பயன்படுகிறது. "புட்" என்றால் இந்த முகவரியில் இருப்பது இப்படி இருக்கட்டும் என்று வை. "பேட்ச்" என்றால் ஒரு பகுதியை மட்டும் திருத்து. "டெலீட்" என்றால் நீக்கு.

இவற்றுள் "கெட்" பாதுகாப்பான வினை. அதாவது எத்தனை முறை கேட்டாலும் சேவையில் உள்ள தரவு மாறக்கூடாது. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தவர்கள் 2005-இல் பாடம் கற்றார்கள். அவ்வாண்டு மே மாதம் கூகுள் நிறுவனம் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பயனர் சொடுக்கும் முன்பே "கெட்" மூலம் எடுத்து வைத்துக்கொண்டு வேகம் காட்டுவது அதன் வேலை. பல வலைச்செயலிகளில் "நீக்கு" என்பதும் ஒரு சாதாரண இணைப்பாகவே இருந்தது. அந்த மென்பொருள் அதையும் உண்மையாகவே சொடுக்கியது. பயனர்களின் பதிவுகள் அவர்கள் கைவைக்காமலே அழிந்தன. நெறிமுறைப்படி பார்த்தால் தவறு அந்த மென்பொருளுடையது அன்று. "கெட்" மீது நீக்கும் வேலையைக் கட்டியவர்களுடையது.

ஃபிளாஸ்க்

ஃபிளாஸ்க்கை எழுதியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனாக்கர். 2010 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தின விளையாட்டாக, ஒரே கோப்பில் அடங்கும் ஒரு வலைச்சட்டகத்தை அவர் வெளியிட்டார். அதைப் பலர் உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒன்றுக்குத் தேவை இருப்பது அதனால் தெரிந்தது. அதே மாதத்தில் ஃபிளாஸ்க் பிறந்தது. ரூபி மொழியில் 2007-இலேயே வந்த சினாட்ரா, பைத்தானிலேயே ஓராண்டு முன்பு வந்த பாட்டில் ஆகியவையும் இதே சிறுமைப் போக்கைச் சேர்ந்தவை. பாட்டில், ஃபிளாஸ்க் என்ற பெயர் ஒற்றுமை தற்செயலானது போலத் தெரியவில்லை!

சிறியது என்றால் என்ன பொருள்? ஃபிளாஸ்க்கில் தரவுத்தளத்துடன் பேசும் பகுதி கிடையாது. பயனர் கணக்கு, நிர்வாகத் திரை, படிவச் சரிபார்ப்பு எதுவும் கிடையாது. வந்த கோரிக்கையின் முகவரியையும் வினையையும் பார்த்து, அதற்குரிய பைத்தான் செயற்கூற்றை அழைப்பது, அது திருப்பித் தருவதை எச்டிடிபி மறுமொழியாக மாற்றி அனுப்புவது, இவ்வளவுதான் அதன் மைய வேலை. அதிலும் பெரும்பகுதியை வெர்க்சாய்க் என்ற அடித்தள நிரலகம் செய்கிறது. ஜெர்மன் மொழியில் வெர்க்சாய்க் என்றால் கருவி.

ஆகவே எந்த முகவரி, எந்த வினை, எந்த மறுமொழி எண் என்று ஃபிளாஸ்க் உங்களுக்குச் சொல்லித் தராது. தவறான வடிவமைப்பையும் அது முகம் கோணாமல் இயக்கும்.

முகவரிகளை முதலில் தாளில் எழுதுக

நிரலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் வளங்களின் பெயரை எழுதுவது நல்லது. படிக்க எளிதாக இருக்கும் என்பதால் இங்கே முகவரிகளைத் தமிழில் எழுதுகிறேன். நடைமுறையில் ஆங்கில எழுத்தில் வைப்பதே வழக்கம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

எல்லா நூல்களும்: /நூல்கள்
ஏழாம் எண் நூல்: /நூல்கள்/7
அந்த நூலின் இப்போதைய இரவல்: /நூல்கள்/7/இரவல்
318-ஆம் இரவல் பதிவு: /இரவல்கள்/318

முதலில் எழுதும் எவருக்கும் "/நூலைக்கொடு", "/நூலைத்திருப்பு" என்று முகவரி வைக்கவே தோன்றும். வினை முகவரிக்குள் வந்துவிட்டால், எச்டிடிபி தரும் வினைகளுக்கு வேலை இல்லாமல் போகும். செயலி எழுதுபவர் ஒவ்வொரு முகவரியையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். தமிழில் வினையைத் தொழிற்பெயராக்குவது போல, "கொடு" என்பதை "இரவல்" என்ற பெயராக்கிப் பாருங்கள். பெயராக்கியவுடன் அதற்கு எண் கொடுக்கலாம், தேதி கொடுக்கலாம், காட்டு என்று கேட்கலாம். குறிப்பேட்டில் ஒவ்வோர் இரவலும் ஒரு வரியாக இருந்ததல்லவா, அதே வரிதான் இந்த வளம்.

முதல் நிரல்

பைத்தான் நிறுவிய கணினியில் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, பிப் கருவியால் ஃபிளாஸ்க்கை நிறுவிக்கொள்ள வேண்டும். பிறகு நிரல் கோப்பில் செய்ய வேண்டியவை மிகச் சில. ஃபிளாஸ்க் தொகுப்பிலிருந்து அதே பெயருள்ள வகுப்பை இறக்குமதி செய்து, அதிலிருந்து ஒரு பொருளை உருவாக்க வேண்டும். இதுவே நம் சேவை. அடுத்து நூலைக்_காட்டு என்று ஒரு செயற்கூறு. பைத்தான் 3-இல் செயற்கூற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கீழ்க்கோடு உட்பட. செயற்கூற்றுக்கு மேல் வரியில், அட் குறியுடன் தொடங்கும் டெக்கரேட்டர் ஒன்றை எழுதுகிறோம். "கெட்" வினையுடன் இந்த முகவரிக்கு வரும் கோரிக்கையை இந்தச் செயற்கூற்றிடம் அனுப்பு என்பது அதன் பொருள். வினையின் பெயரிலேயே டெக்கரேட்டர் எழுதும் வசதி 2021-இல் வந்த 2.0 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்களில் "ரூட்" என்ற பொதுவான டெக்கரேட்டரைக் காண்பீர்கள். அதுவும் இன்றும் வேலை செய்கிறது.

முகவரியில் மாறும் பகுதியைக் கோண அடைப்புக்குள் எழுதி, அது முழு எண் என்று வகையையும் குறிக்கலாம். அப்போது /நூல்கள்/7 என்று வந்தால் 7 என்பது எண்ணாகவே செயற்கூற்றுக்கு வந்து சேரும். /நூல்கள்/ஏழு என்று யாராவது கேட்டால் செயற்கூறு அழைக்கப்படாமலே 404 என்ற மறுமொழி போகும். அகராதி வகைப் பொருளைச் செயற்கூறு திருப்பித் தந்தால் போதும், ஃபிளாஸ்க் அதை ஜேசன் வடிவாக்கி அனுப்பிவிடும். பட்டியலையும் இப்படியே தரும் வசதி 2.2 பதிப்பிலிருந்து உண்டு.

இன்னும் சிலவற்றை அது கேட்காமலே செய்கிறது. "கெட்" மட்டும் உள்ள முகவரிக்கு "டெலீட்" வந்தால், 405 என்ற எண்ணுடன் எந்த வினைகளுக்கு அனுமதி உண்டு என்ற தலைப்பு வரியையும் சேர்த்து அனுப்புகிறது.

மறுமொழி எண்கள்

எல்லாவற்றுக்கும் 200 அனுப்பிவிட்டு, உள்ளே "பிழை" என்று எழுதி வைக்கும் சேவைகள் ஏராளம். மனிதர் படித்தால் புரியும். நடுவில் இருக்கும் கருவிகளுக்கு, தற்காலிகப் பிரதி வைத்திருக்கும் இடைநிலைச் சேவையகங்களுக்கு, அது வெற்றி என்றே தெரியும். எனவே எண்ணைச் சரியாகச் சொல்வது முக்கியம். புதிதாக ஒன்று உருவானால் 201. அதன் முகவரியை "லொக்கேஷன்" தலைப்பில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒன்றும் இல்லை, ஆனால் செய்தாயிற்று என்றால் 204. கேட்டவர் அனுப்பியது புரியவில்லை என்றால் 400. இருக்கும் நிலையுடன் மோதுகிறது என்றால் 409. நம் நிரல் உடைந்துவிட்டால் 500.

ஃபிளாஸ்க் தானாக அனுப்பும் பிழை மறுமொழிகள் எச்டிஎம்எல் பக்கமாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஜேசனை எதிர்பார்த்திருக்கும் கைப்பேசிச் செயலி அதைப் படிக்க முடியாமல் திணறும். எச்டிடிபி பிழைகள் அனைத்துக்கும் பொதுவான பிழை கையாளி ஒன்றை எழுதி, அதிலிருந்து ஜேசன் தருவது பத்து வரிக்குள் முடியும் வேலை. முதல் நாளே செய்துவிட வேண்டியது இது.

ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால்

இனி வருவதே இத்தகைய சேவையில் உண்மையான சிக்கல். ஒரு மாணவி கைப்பேசிச் செயலியில் ஏழாம் எண் நூலை இரவல் கேட்டுப் பொத்தானை அழுத்துகிறார். கோரிக்கை சேவைக்கு வந்தது, பதிவும் ஆகிவிட்டது. மறுமொழி திரும்பிச் செல்லும் நேரத்தில் அவர் மாடிப்படி இறங்க, சிக்னல் போய்விட்டது. செயலியின் பார்வையில் கோரிக்கை போய்ச் சேராததற்கும், மறுமொழி மட்டும் தொலைந்ததற்கும் வேறுபாடு தெரியாது. மீண்டும் அனுப்பலாமா?

இங்கேதான் வினையின் குணம் தேவைப்படுகிறது. மின்விசிறியின் ரெகுலேட்டரை "3-இல் வை" என்று இருமுறை சொன்னாலும் அது 3-இல்தான் நிற்கும். "ஒரு படி கூட்டு" என்று இருமுறை சொன்னால் இரண்டு படி ஏறிவிடும். முதல் வகைச் செயலை ஐடெம்பொடென்ட் என்பார்கள். திரும்பச் செய்தாலும் விளைவு கூடாதது. எச்டிடிபியின் பொருளை வரையறுக்கும் ஆர்எஃப்சி 9110 ஆவணம், பாதுகாப்பான வினைகளோடு "புட்", "டெலீட்" இரண்டையும் இவ்வகையில் சேர்க்கிறது. "போஸ்ட்", "பேட்ச்" இரண்டுக்கும் அந்த உறுதி கிடையாது. அதனால்தான் படிவம் அனுப்பிய பக்கத்தைப் புதுப்பித்தால், மீண்டும் அனுப்பவா என்று உலாவி நம்மைக் கேட்கிறது.

இரவல் பதிவுக்கு /இரவல்கள் முகவரியில் "போஸ்ட்" வைத்தோம் என்று கொள்வோம். மறுபடி வரும் கோரிக்கை இரண்டாவது பதிவை உருவாக்கும். அதைத் தடுக்க, இந்த நூல் ஏற்கெனவே வெளியே போயிருக்கிறது என்று 409 அனுப்பினால் நிலைமை இன்னும் விசித்திரமாகிறது. அந்த மாணவியின் திரையில் "வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று வரும். எடுத்தவர் அவரேதான். அவர் நூலை எடுக்காமலே போவார். பதிவேட்டில் நூல் அவர் பெயரில் இருக்கும். தேர்வு முடிந்து பாக்கிச் சான்று கேட்கும்போது அபராதம் நிற்கும்.

இதே வேலையை /நூல்கள்/7/இரவல் முகவரியில் "புட்" என்று மாற்றினால்? "ஏழாம் நூலின் இரவல் இந்த உறுப்பினர் பெயரில் இருக்கட்டும்" என்பது கோரிக்கையின் பொருள். யாரிடமும் இல்லை என்றால் பதிந்து 201. ஏற்கெனவே அதே உறுப்பினரிடம் இருந்தால், கேட்டபடியேதான் இருக்கிறது, 200. வேறொருவரிடம் இருந்தால் மட்டும் 409. செயலி பத்து முறை அனுப்பினாலும் ஒரு பதிவே இருக்கும், மாணவிக்கும் சரியான விடையே வரும். ஃபிளாஸ்க்கில் இதற்காக எழுதும் நிரல் முன்னதைவிட நான்கைந்து வரிதான் கூடுதல். மாறியது முகவரியும் வினையுமே.

நூலைத் திருப்பித் தருவதற்கு அதே முகவரியில் "டெலீட்" வைக்கலாம் என்று தோன்றும். முதல் முறை 204, இரண்டாம் முறை 404 வருகிறதே, பிறகு எப்படி ஐடெம்பொடென்ட் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மறுமொழி எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. சேவையில் ஏற்படும் விளைவு ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. மாணவி நூலைத் திருப்பினார், "டெலீட்" வந்தது, மறுமொழி தொலைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து சிக்னல் கிடைத்தவுடன் செயலி அதை மீண்டும் அனுப்புகிறது. அதற்குள் வேறொரு மாணவர் அந்த நூலை எடுத்துச் சென்றுவிட்டார். இப்போது நீக்கப்படுவது அவருடைய இரவல். பதிவேட்டின்படி நூல் பீரோவில் இருக்கிறது, பீரோவில் இல்லை, யாரிடம் என்றும் தெரியாது.

எச்டிடிபியில் இதற்கு மருந்து உண்டு. இரவலைக் காட்டும் மறுமொழியில் "ஈ-டேக்" என்ற அடையாளத்தை, இங்கே 318 என்ற பதிவு எண்ணை, சேர்த்து அனுப்பலாம். நீக்கும்போது "இஃப்-மேட்ச்" என்ற தலைப்பில் அதையே திருப்பி அனுப்பச் சொல்லலாம். இப்போதைய பதிவு 325 ஆகிவிட்டிருந்தால் பொருந்தாது, 412 என்று மறுத்துவிடலாம். இரு தலைப்புகளையும் கையாளும் வசதி ஃபிளாஸ்க்கின் கோரிக்கை, மறுமொழிப் பொருள்களில் இருக்கிறது.

எனினும் நான் தேர்வது இதைவிட எளிய வழி. திருப்புதலை நூலின் முகவரியில் வைக்காமல் இரவலின் முகவரியில் வையுங்கள்: /இரவல்கள்/318/திருப்பம் என்பதில் "புட்". 318-ஆம் பதிவு ஏற்கெனவே முடிந்திருந்தால், தாமதமாக வரும் கோரிக்கை எதையும் தொடாது. செயலி எழுதுபவர் ஒரு தலைப்பு வரியைச் சேர்க்க மறக்கலாம். முகவரியை மறக்க முடியாது. பழைய பதிவு அழியாமல் இருப்பதால், கடந்த ஆண்டு எந்த நூல் அதிகம் போனது என்று ஆண்டு இறுதியில் பார்க்கவும் முடியும்.

இரவல் கேட்கும் கோரிக்கையே, நூலைத் திருப்பிய பிறகு தாமதமாக மறுபடி வந்தால்? இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் இதுவும் நடக்கும். அங்கே பதிவு எண்ணைச் செயலியே யுயுஐடி முறையில் உருவாக்கி, அந்த எண்ணுள்ள இரவல் முகவரியிலேயே "புட்" செய்யச் சொல்லலாம். அந்த எண் ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி புதிதாகாது. பணப் பரிமாற்றத்தில் ஸ்ட்ரைப் போன்ற சேவைகள் "போஸ்ட்" கோரிக்கையுடன் ஒரு தனி அடையாளத்தைத் தலைப்பில் அனுப்பச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரண்டு பேர் ஒரே நொடியில்

நூல் இருக்கிறதா என்று தரவுத்தளத்தில் பார், இருந்தால் பதிவு செய் என்று நிரல் எழுதுவது இயல்பு. பார்ப்பதற்கும் பதிவதற்கும் இடையே சில மில்லி நொடிகள் உள்ளன. அந்த இடைவெளியில் இன்னொரு கோரிக்கையும் "இருக்கிறது" என்று பார்த்துவிட்டால் இருவருக்கும் நூல் கிடைத்துவிடும். ஒருவர் மட்டும் சோதிக்கும்போது இது ஒருபோதும் நடக்காது. பருவத் தொடக்கத்தில் எல்லோரும் ஒரே பாடநூலைத் தேடும் காலையில் நடக்கும்.

இதைப் பைத்தான் நிரலில் தீர்க்க முயலாதீர்கள். தரவுத்தளத்திடம் விடுங்கள். எஸ்கியூலைட்டில், திருப்பிய தேதி வெறுமையாக உள்ள வரிகளுக்கு மட்டும், நூல் எண் ஒருமுறைதான் வரலாம் என்று பகுதி தனித்துவச் சுட்டு ஒன்றை அமைக்கலாம். பிறகு பார்க்காமலே பதிய முயலுங்கள். இரண்டாவதாக வருவதைத் தரவுத்தளமே மறுக்கும். அந்த மறுப்பைப் பிடித்து, நூல் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, 200 அல்லது 409 அனுப்பலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. பல தொடக்கப் பாடங்கள் நூல்களை நிரலுக்குள்ளேயே ஒரு பட்டியலாக வைத்துக் காட்டுகின்றன. சொந்தக் கணினியில் அது அழகாக ஓடும். உண்மையான சேவையகத்தில் குனிகார்ன் போன்ற கருவி ஒரே நிரலின் நான்கு பிரதிகளை நான்கு பிராசஸ்களாக இயக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். சேர்த்த நூல் ஒருமுறை தெரியும், அடுத்த முறை காணாமல் போகும், பிறகு மீண்டும் தெரியும். யார் உள்நுழைந்திருக்கிறார் என்பதையும் இப்படி நினைவகத்தில் வைத்தால் அதே கதிதான். ஒவ்வொரு கோரிக்கையும் தனக்குரிய அடையாளச் சீட்டைத் தலைப்பில் தானே கொண்டு வர வேண்டும் என்ற ரெஸ்ட் விதியைக் கடைப்பிடித்தால், எந்தப் பிரதி விடை சொன்னாலும் ஒன்றுதான்.

தமிழ்த் தரவு

தமிழ் நூல்களை வைத்திருக்கும் நூலகம் என்பதால் இது தனியே கவனிக்க வேண்டியது. ஃபிளாஸ்க் தரும் ஜேசனில் தமிழ் எழுத்துகள் இயல்பாகத் தெரியமாட்டா. ஒவ்வொன்றும் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் ஆறு எழுத்துக் குறியீடாக மாறி வரும். இது பிழை அன்று. படிக்கும் நிரல் அதைச் சரியாகவே தமிழாக்கிக்கொள்ளும். ஆனால் "தமிழ்" என்ற சொல் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். இந்தக் குறியீட்டில் 30. சோதித்துப் பார்க்கும் கண்ணுக்கும் தொல்லை. ஜேசன் அமைப்பில் ஆஸ்கிக்கு மட்டும் கட்டுப்படுத்தும் விருப்பத்தை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே வரும்.

முகவரியில் தமிழ் வைத்தால், அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக விரியும். "நூல்கள்" என்பதில் 7 குறியெண்கள், 21 பைட், ஆக 63 எழுத்துகள். சேவை இயங்கும், ஆனால் அந்த முகவரியை மின்னஞ்சலில் ஒட்டினால் பெறுபவர் மிரள்வார். முகவரிகளை ஆங்கில எழுத்தில் வைக்கும் வழக்கத்துக்கு இதுவே காரணம்.

எல்லாவற்றிலும் நுட்பமானது தேடல். "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் தட்டச்சிட்ட "கொங்கு" வேறொன்றில் தேடும்போது கிடைக்காமல் போகலாம். பைத்தானுடன் வரும் யூனிகோடுத் தொகுப்பில் உள்ள இயல்பாக்கச் செயற்கூற்றைக் கொண்டு, சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் உரையை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் செய்தால் முன்பிருந்ததைவிட மோசம்.

சோதனையும் வெளியீடும்

சேவையை ஓடவிடாமலே கோரிக்கை அனுப்பிச் சோதிக்கும் வசதி ஃபிளாஸ்க்குடன் வருகிறது. ஒவ்வொரு "புட்", "டெலீட்" கோரிக்கையையும் சோதனையில் இருமுறை அனுப்பி, இரண்டாவதன் பிறகு தரவுத்தளத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே பிடிபடும்.

ஃபிளாஸ்க்குடன் வரும் சேவையகம் நிரல் எழுதும்போது பயன்படுத்த மட்டுமே. தொடங்கும்போதே அது அப்படி எச்சரிக்கிறது, பலர் படிப்பதில்லை. குறிப்பாகப் பிழைத்திருத்த முறையை இயக்கிய நிலையில் வெளி இணையத்தில் வைக்கவே கூடாது. பிழை ஏற்பட்ட பக்கத்திலிருந்தே பைத்தான் கட்டளைகளை இயக்கும் வசதி அதில் உண்டு. அதற்கு ஒரு கடவு எண் கேட்கும் என்றாலும், அதை மட்டும் நம்பி உங்கள் கணினியைத் திறந்து வைக்க முடியாது. வெளியிடும்போது குனிகார்ன் போன்ற சேவையகத்தையும், அதன் முன்னால் எச்டிடிபிஎஸ் கையாளும் என்ஜின்எக்ஸ் போன்ற ஒன்றையும் வைப்பது வழக்கம். துறை நூலகத்தின் அளவுக்கு எஸ்கியூலைட்டே தாராளமாகப் போதும். அதன் கோப்பை நாள்தோறும் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுக்கும்போது, கோப்பை அப்படியே நகலெடுக்காமல், எஸ்கியூலைட் தரும் பிரதி எடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் நகலெடுத்த கோப்பு திறக்காமல் போகக்கூடும்.